டீச்சருக்கு மட்டும் கேட்ட சத்தம்

"இன்னும் கொஞ்சம் வேகமாப் போங்கப்பா," என்றாள் மகள், பின்சீட்டில் படுத்தபடி.

அம்மாவின் தலையணையில் தலைவைத்து, அம்மா எப்படிச் சாய்ந்து கிடப்பாளோ அப்படியே இடது கதவோரமாக ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு காதைச் சீட்டின் மேல் அழுத்தி வைத்திருந்தாள். அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு முன்னாலிருந்த வேகத்தடைமேல் வண்டியை ஏற்றி இறக்கினார். சக்கரங்கள் ஏறின, இறங்கின. அவ்வளவுதான்.

"கேட்டுச்சா?" என்றார் கண்ணாடியில் பார்த்து.

"இல்லப்பா."

"அதான் சொன்னேனே. ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்ல என்பது அப்பாவின் வாயில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் சொல். கூரை ஒழுகினால் ஒண்ணுமில்ல, ஈரக்காத்து. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒண்ணுமில்ல, வெயில்ல ஆடியிருப்பா. கல்யாணமான புதிதிலேயே அம்மா அவருக்கு 'ஒண்ணுமில்ல சார்' என்று பெயர் வைத்துவிட்டாள். அக்கம்பக்கத்தில் பாதிப்பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் மறந்துபோய் இந்தப் பெயர்தான் நிலைத்தது. அவர் கோபித்துக்கொண்டதில்லை. அதுவும் ஒண்ணுமில்லைதான் அவருக்கு.

அம்மா நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசிலும் காலில் கேன்வாஸுமாக முப்பது வருஷத்துக்கு மேல் மைதானத்தில் நின்றவள். அவள் ஊதினால் ஊதினதுதான். கோட்டை மிதித்தவள் ஹெட்மாஸ்டரின் மகளாக இருந்தாலும் வெளியேதான். 'விசில் டீச்சர்' என்றால் ஊரில் தெரியாதவர் கிடையாது. அவளிடம் ஒரு முடிவைத் தள்ளிப்போட முடியாது, மழுப்ப முடியாது. இருக்கிறதா, இல்லையா? உள்ளேயா, வெளியேயா? நடுவில் ஒரு பதில் அவளுக்குச் சமாதானம் தராது.

அப்படிப்பட்டவளை ஒரு சத்தம் வருஷக்கணக்கில் நடுவிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

சிகிச்சைக்காக வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆரம்பித்தபோதுதான் அம்மா முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்கு மாறினாள். உட்கார முடியாமல் சாய்ந்துகொண்டு போனவள், மூன்றாவது நடையிலோ நான்காவது நடையிலோ சொன்னாள்: "பின்னாடி ஏதோ டொக்குங்குது." அப்பா ஒண்ணுமில்ல என்றார். பக்கத்தில் துணைக்கு உட்கார்ந்திருந்த சித்தி, "மருந்து காதை அடைக்கும்க்கா, எனக்கும் மாத்திரை போட்டா இப்படித்தான்," என்று ஆரம்பித்து, தன் மாத்திரை வரலாறு முழுவதையும் வீடு வரும்வரை சொன்னாள். மெக்கானிக்கிடம் விட்டார்கள். அவர் வண்டியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். சந்தேகத்துக்கு ஷாக் அப்சார்பர் ரப்பரை மாற்றினார். சைலன்சரை இழுத்துக் கட்டினார். சத்தமே இல்லை என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். அடுத்த நடையில் அம்மா கண்ணை மூடியபடி சொன்னாள்: "டொக்."

அதற்குப் பிறகு அது வீட்டில் ஒரு வேடிக்கையாகிவிட்டது. போனில் மகள் கேட்பாள்: "என்னம்மா, உன் டொக்கு எப்படி இருக்கு?" அம்மா சிரிக்க மாட்டாள். "இருக்கு," என்பாள். "எங்கயும் போகல."

முந்தாநாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர், தன் செருப்புக் காலைப் பார்த்துக்கொண்டு. நர்ஸ் ஒருத்தியைக் கூடவே அனுப்பினார். இன்றைக்கோ நாளைக்கோ என்பதை அந்த நர்ஸ்தான் மகளை அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்.

இன்று காலையில் முகம் துடைத்துவிடும்போது அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமில்லை. பார்வையில் இருந்தது.

"நான் போயிட்டா அந்தச் சத்தமும் போயிடும். தெரியுமா உனக்கு?"

"என்னம்மா பேச்சு இது."

"அப்புறம் உங்கப்பா சொன்னதுதான் சரின்னு ஆயிடும். எல்லாத்தையும் தாங்கிக்கறேன். இதை மட்டும் தாங்க முடியல."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. ஈரத்துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துக்கொண்டு, பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய், "எழுந்திருங்க," என்றாள்.

இப்போது எத்தனையோ தடவை அந்த வேகத்தடையைத் தாண்டியாயிற்று. வாட்ச்மேன் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். சத்தமில்லை. அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"போதும்மா. அவ பக்கத்துல போய் உக்காரு. இருக்கற நேரத்துல..." என்றவர் அதை முடிக்கவில்லை.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். அவள் பிசியோதெரபிஸ்ட். தினமும் முட்டிவலிக்காரர்களோடுதான் பிழைப்பு. கட்டிலில் படுக்கவைத்து மடக்கிப் பார்த்தால் முட்டி வெண்ணெய்போல மடங்கும். "இப்ப வலிக்கலியே," என்று அவர்களே ஆச்சரியப்படுவார்கள். "படுத்திருக்கீங்க, அதான் வலிக்கல. படியேறுங்க, பாப்போம்," என்பாள் அவள். உடம்பின் பாரம் மேலே இறங்கினால்தான் முட்டி உண்மையைச் சொல்லும்.

"அப்பா, அம்மா வர்றப்ப கூட யாரெல்லாம் வருவாங்க?"

"சித்திதான். வேற யாரு?"

"டிக்கியில?"

"வீல்சேர். வழிக்குன்னு தனியா ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர். போர்வை, அது இதுன்னு ஒரு பை."

"மெக்கானிக்கிட்ட போறப்ப?"

"அதெல்லாம் இறக்கி வெச்சிட்டுத்தான் போவேன். அடுத்தவங்ககிட்ட விடற வண்டி, சுத்தமா இருக்க வேணாமா?"

சொல்லி வாய் மூடும் முன்பே அவர் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தார். மகளும் பார்த்தாள். வண்டி வீட்டைப் பார்த்துத் திரும்பியது.

சித்தி அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து நர்ஸுக்குத் தன் மூத்த பிள்ளையின் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல ஆகிருதி. சிரித்தால் கட்டிலும் சேர்ந்து சிரிக்கும்.

"சித்தி, கொஞ்சம் கார்ல வந்து உக்காருங்க."

"நானா? எங்க போறோம்?"

"எங்கயும் இல்ல. சும்மா உக்காரணும், பேசாம இருக்கணும்."

"ரெண்டுல ஏதாவது ஒண்ணு சொல்லு, செய்யறேன்."

படுக்கையில் அம்மா கண்ணைத் திறந்தாள். மகள் முகத்தையும், வாசலில் சிலிண்டரைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போகும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. உலர்ந்த உதட்டோரம் ஒரு சின்ன இழுப்பு.

"இவளக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் மெதுவாக. "எந்த ஸ்பிரிங்கா இருந்தாலும் வாயத் திறந்துரும்."

"பாரேன், இந்த நிலமையிலயும் அக்காவுக்குக் குசும்பு," என்று சித்தி எழுந்தாள்.

பள்ளிக்கூட வேகத்தடை. சித்தி வலது பக்கம், மகள் இடது பக்கம், டிக்கியில் சாமான்கள். சித்தி வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அப்பா வண்டியைச் சற்றுச் சாய்வாக, இடது சக்கரம் முதலில் ஏறும்படி விட்டார்.

டொக்.

பெரிய சத்தமில்லை. மரப்பெட்டிக்குள் யாரோ விரல் முட்டியால் ஒருமுறை தட்டியது போல. ஆனால் அது மகளின் இடுப்புக்கு நேர் கீழே, சீட்டு வழியாக எலும்புக்கே வந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். வண்டி நடுரோட்டில் நின்றது.

சித்தி வாயிலிருந்து கையை எடுத்தாள். "இது... இது நான் கேட்டதே இல்லியே."

"நீங்க பேசிட்டிருந்திருப்பீங்க சித்தி."

பின்னால் வந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் அப்பா வண்டியை எடுத்தார். வீட்டுக்குத் திருப்பவில்லை. நேரே பட்டறைக்கு விட்டார்.

மெக்கானிக்குக் கடைத்தெருவில் 'ஆறுமணி' என்று பெயர். எந்த வண்டியை எப்போது விட்டாலும், "சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்க," என்பார். எந்த ஆறு மணி என்று சொல்ல மாட்டார். சின்ன வயதில் அம்மாவிடம் படித்தவர். ஆட்டத்தில் காலை வாரிவிட்டதற்காக அம்மா விசில் ஊதி வெளியே உட்காரவைத்ததை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவார்.

"டீச்சர் எப்படி இருக்காங்க?" என்று கேட்டவர் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "என்ன சார், மறுபடியும் அந்தச் சத்தமா? எத்தனை தடவ தூக்கிப் பாத்தாச்சு."

"தூக்காதீங்கண்ணே," என்றாள் மகள். "தூக்கினா சக்கரம் தொங்கிடுது. பாரம் இல்லாமப் போயிடுது. தரையிலயே நிக்கட்டும். நாங்க இறங்க மாட்டோம். நீங்க அடியில போய்ப் பாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். காரின் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். உள்ளே சித்தியைப் பார்த்தார். மறுபேச்சு பேசாமல் வண்டியைப் பட்டறைக் குழிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி, கைவிளக்கோடு குழிக்குள் இறங்கினார்.

"ஆட்டுங்க," என்று கீழேயிருந்து குரல் வந்தது.

சித்தி ஆடினாள். அப்பாவும் பின்சீட்டுக்கு வந்து நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஆடினார். மூன்று பேரும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே தாளத்தில் குதித்தார்கள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "இந்த வயசுல இது தேவையா அத்தான்," என்றாள் சித்தி மூச்சிரைக்க. "குதிம்மா," என்றார் அப்பா.

டொக்.

கீழே விளக்கு அசைந்தது. "நிறுத்தாதீங்க. ஷாக் அப்சார்பர்ல கை வெச்சிருக்கேன். ம், இதுல இல்ல... அச்சோட ரப்பர் புஷ்ல... இங்கயும் இல்ல... இன்னொரு தடவ."

டொக்.

பிறகு குழிக்குள்ளிருந்து, வேறு ஒரு குரலில், "பாப்பா, நீ எறங்கி வா," என்றார்.

மகள் குழிக்குள் இறங்கினாள். எண்ணெய் நெடி. தலைக்கு மேலே காரின் வயிறு. அவர் அவள் கையைப் பிடித்து, இடது பின்சக்கரத்துக்கு உள்பக்கமிருந்த ஸ்பிரிங்கின்மேல் வைத்தார். "சார், ஆட்டுங்க."

அவள் உள்ளங்கைக்குள் அது நடந்தது. தேய்ந்த முட்டியை மடக்கும்போது விரலுக்குத் தெரியுமே, எலும்போடு எலும்பு இடறுவது, அதேதான். ஸ்பிரிங்கின் கடைசி வளையம் ஒரு ரப்பர் கிண்ணத்துக்குள் பதிந்து கிடந்தது. மெக்கானிக் சேற்றை விரலால் வழித்தெறிந்துவிட்டு விளக்கைக் கிட்டே கொண்டுபோனார். வளையத்தில் குறுக்காக ஒரு கோடு. பாரம் ஏறும்போது கோட்டின் இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கியது.

"ஒடஞ்சிருக்கு," என்றார். "தூக்கினா பாரம் போயி ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு சமர்த்தா ஒட்டிக்குது. கிண்ணத்துக்குள்ள ஒளிஞ்சுகிட்டு என்னை இத்தனை நாளா முட்டாளாக்கியிருக்கு." நெற்றியைப் புறங்கையால் துடைத்ததில் ஒரு கறுப்புப் பட்டை விழுந்தது. "டீச்சர் சொன்னது சரிதான் பாப்பா."

மேலே அப்பா கதவைத் திறந்துகொண்டு காரிலிருந்து இறங்கினார்.

தெருக்கோடி உதிரிபாகக் கடையில் ஸ்பிரிங் இருந்தது. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் சாயும் என்றார் மெக்கானிக். காரை ஜாக்கியில் தூக்கி முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார்கள். ஷாக் அப்சார்பரின் அடி போல்ட்டை எடுத்தால் அச்சு கீழே இறங்கும், ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். ஆனால் போல்ட் வரவில்லை. துரு தின்று தின்று அச்சோடு அச்சாகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டார், தட்டினார், சூடு காட்டினார். பிடிவாதம் பிடித்தது.

அப்போது மகளின் போன் அடித்தது. நர்ஸ்.

"மூச்சு கொஞ்சம் மாறுது. சொல்லணும்னு தோணிச்சு."

"இதோ வர்றேன்."

"இருங்க, அவங்க பேசணுங்கறாங்க." போனைக் காதில் வைக்கும் ஓசை. நீளமான ஒரு மூச்சு. பிறகு அம்மா: "என்ன ஆச்சு?"

"கண்டுபிடிச்சாச்சும்மா. ஸ்பிரிங். ஒடஞ்சிருக்கு."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. மகள் பயந்துபோனாள்.

"எந்தப் பக்கம்?"

"இடது."

"ம்," என்றாள் அம்மா. அந்த ஒரு எழுத்தில் ஒரு மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. "மாத்தியாச்சா?"

"போல்ட் வரல. அண்ணன் பாத்துப்பாரு. நான் வந்துடறேன்மா."

"வராத. ஆட்டம் முடியாம யாரும் கிரவுண்ட விட்டுப் போகக்கூடாது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் இருக்கேன். முடிச்சிட்டு வா."

சித்தியை மட்டும் ஒரு வாடகை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். மகள் திரும்பி வந்தபோது அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாளில் சைக்கிள் செயின்கூட மாட்டாத மனிதர். ஸ்பேனரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் சொருகி, அதன் முனையில் மெக்கானிக்கோடு சேர்ந்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். இருவரும் உடம்பின் முழுப் பாரத்தையும் இறக்கினார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினார். திடீரென்று இரும்பு கிறீச்சென்று அலறியது. குழாய் தாழ்ந்தது. அப்பா மூக்குக் கண்ணாடி பறக்கத் தரையில் போய் விழுந்தார்.

மகள் ஓடினாள். அவர் தரையில் உட்கார்ந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதமாக அவள் கேட்காத சிரிப்பு.

அதற்கப்புறம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அச்சு இறங்கியது, பழைய ஸ்பிரிங் வந்தது. கிண்ணத்தின் அடியில் ஒடிந்த துண்டு தனியாகக் கிடந்தது. விரல் தடிமன், அரைவட்டம். மெக்கானிக் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"துருவப் பாத்தீங்களா சார். இது நேத்து ஒடஞ்சதில்ல. ரொம்ப நாளாவே இப்படித்தான் இருந்திருக்கு. நாமதான் சரியாப் பாக்கல."

அப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அம்மா முதன்முதலில் விலாவுக்குக் கீழே, இடது பக்கம், ஏதோ குத்துகிறது என்று சொன்ன நாள்களில், வாயு என்று சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தவர் அவர்தான். அப்போது பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார். போனில் மகளும்தான். அப்பா துண்டைக் கைக்குட்டையில் வைத்து, மெதுவாக, ஏதோ சுடும் பண்டத்தைப் பொதிவது போல நான்கு முனையையும் மடித்தார். மகள் வேறு பக்கம் திரும்பிச் சக்கரத்தின் நட்டுகளைப் பொறுக்கினாள்.

இரண்டு பக்கமும் புது ஸ்பிரிங் ஏறியது. கடைசி நட்டை முறுக்கிவிட்டு மெக்கானிக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு ஆக இன்னும் நேரமிருந்தது. அவருக்கே நம்பிக்கை வரவில்லை. "நானும் வர்றேன்," என்றார், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. "டீச்சர்கிட்ட நானே சொல்லணும்."

அம்மாவைத் தலையணைகளில் நிமிர்த்திச் சாய்த்து வைத்திருந்தார்கள். கன்னம் ஒட்டி, மூக்கு கூர்ந்துவிட்டிருந்தது. கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. மூவரும் கிரீஸும் மண்ணுமாக உள்ளே வந்து வரிசையாக நின்றதைப் பார்த்து, "தோத்த டீம் மாதிரி நிக்கறீங்க," என்றாள்.

அப்பா கைக்குட்டையைப் பிரித்து, துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தார். கனத்தில் கை போர்வைமேல் தாழ்ந்தது. அம்மா அதைப் பார்த்தாள். கட்டைவிரலால் ஒடிந்த விளிம்பைத் தடவினாள். அவசரப்படவில்லை.

"சொல்லுங்க," என்றாள்.

மெக்கானிக் ஒரு அடி முன்னால் வந்தார். அவ்வளவு பெரிய மனிதர் கையைக் கட்டிக்கொண்டார். "சத்தம் இருந்துச்சு டீச்சர். நான் கவனிக்கல."

"வெளிய போய் உக்காரு," என்றாள் அம்மா. அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவள் கண்ணைப் பார்த்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொன்னபடியே போய் வாசல்படியில் உட்கார்ந்தார்.

சித்தி கால்மாட்டிலிருந்து தானாகவே சொன்னாள்: "நான் அப்பப்ப கொஞ்சம் பேசாம இருந்திருக்கலாம்க்கா."

"உன் வாய அடைக்க இந்தத் துண்டு போதாது," என்றாள் அம்மா.

பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"சத்தம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எங்க?"

"பின்னாடி. இடது பக்கம்."

"எவ்ளோ நாளா?"

"நீ சொன்ன நாள்லேந்து," என்றார் அப்பா. அவர் குரல் அவர் குரலாக இல்லை. "நீ சொன்ன நாள்லேந்தே இருந்துச்சு."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கையை எடுத்து அவர் தலையில் வைத்தாள். முடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"சரி, விடுங்க," என்றாள். "வண்டிய எடுங்க. ஓட்டிப் பாக்காம எப்படி?"

நர்ஸ் குறுக்கே வந்தாள். அசைக்கக் கூடாது, தாங்க மாட்டார், மூச்சு ஏற்கெனவே சரியில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாம் உண்மை. மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றார் அப்பா. குனிந்து அம்மாவைப் போர்வையோடு அள்ளித் தூக்கினார். அவள் பாரமே இல்லாமல் வந்தாள். தலை அவர் தோளில் சரிந்தது. "ஒண்ணுமில்ல சார் தூக்கிட்டாரு," என்று அவர் காதோரம் அவள் சொன்னது மகளுக்கும் கேட்டது. நர்ஸ் பேசாமல் கதவைத் திறந்து விட்டாள். கட்டிலோரம் இருந்த சிலிண்டரையும் அவளே கொண்டுவந்து டிக்கியில் வைத்தாள்.

பழையபடியே எல்லாம் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. இடது பக்கம் அவள், வலது பக்கம் சித்தி, டிக்கியில் வீல்சேர். நடுவில் மகள், அம்மாவைத் தாங்கிக்கொண்டு. பாரம் குறையக் கூடாது என்று மெக்கானிக்கையும் முன்சீட்டில் ஏறச் சொன்னாள். தெரு விளக்குகள் இன்னும் எரியவில்லை. வெயில் தாழ்ந்து, சுவர்களெல்லாம் மஞ்சளாக இருந்தன.

பள்ளிக்கூட வேகத்தடை வந்தது. அப்பா சாய்வாக, இடது சக்கரம் முதலில் ஏறும்படி விட்டார். ஏறியது. இறங்கியது.

ஒன்றுமில்லை.

"திரும்ப," என்றாள் அம்மா.

திரும்பி வந்தார்கள். வேகமாக. மெதுவாக. பிரேக் போட்டு. பின்னால் எடுத்து. சித்தி உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா கண்ணை மூடிக் காதைக் கொடுத்துக் கேட்டாள். மைதானத்துக் கோட்டோரம் நின்று பந்தையே பார்த்துக்கொண்டிருப்பவளைப் போல.

கடைசியில் கையை லேசாகத் தூக்கினாள். "சரி. முடிஞ்சுது."

மெக்கானிக் முன்சீட்டில் கைதட்டினார். சித்தி அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஓவென்று அழுதாள், சிரித்தாள். அப்பா ஹாரனை அழுத்தினார், காரணமே இல்லாமல், நீளமாக. பள்ளிக்கூட வாட்ச்மேன் மறுபடியும் வெளியே வந்து, என்ன ஏது என்று தெரியாமலே கை காட்டினார்.

வீட்டு வாசலில் நின்றபோது அம்மா இறங்கவில்லை. "நீங்கல்லாம் எறங்குங்க," என்றாள் சித்தியிடம். "இது டெஸ்ட் இல்ல. சும்மா ஒரு ரவுண்டு."

சித்தியும் மெக்கானிக்கும் இறங்கினார்கள். வண்டி மறுபடி கிளம்பியது. இப்போது மூன்று பேர்தான். அம்மா மகளின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே மரங்களின் தலைகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

"நல்லா ஓடுது," என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பேக்கரி தாண்டி, தபாலாபீஸ் தாண்டி, அப்பா ஆற்றுப்பக்கச் சாலையில் விட்டார். அவர் பேசிக்கொண்டே வந்தார். போல்ட் எப்படி அடம்பிடித்தது, தான் எப்படி விழுந்தார், குழிக்கு மேலே சித்தி எப்படிக் குதித்தாள் என்று. இவ்வளவு பேசக்கூடியவரா என்று மகள் வியந்தாள். அம்மாவின் மூச்சு அவள் முழங்கால்மேல் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ஒன்று வந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று வந்தது. பிறகு மகள் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். பாலத்து ஏற்றம் முடியும்வரை காத்திருந்தாள். அது வரவில்லை.

அம்மாவின் முகம் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. ஜெயித்த களைப்பு இன்னும் அதில் இருந்தது. மகள் போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டாள். கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

பாலத்தின் முடிவில் ஒரு மேடுபள்ளம். வண்டி மெத்தென்று இறங்கியது.

"பாத்தியா?" என்றார் அப்பா, திரும்பாமல், குரலில் பெருமை பொங்க. "ஏதாவது கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலப்பா."

"தூங்கிட்டாளா?"

மகள் அம்மாவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அப்பா பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"தூங்கட்டும். இப்படியே சுத்திக்கிட்டே போலாமா? நல்ல காத்து."

"போங்கப்பா," என்றாள்.

சாலை பிரியும் இடத்தில் அப்பா வண்டியை நிறுத்தி, எதிரே வந்த சைக்கிளுக்கு வழி விட்டார். பின்னால் ரொட்டிக் கூடை கட்டியிருந்த சைக்கிள்காரர், கடந்து போகும்போது ஒரு கையைத் தூக்கினார். அப்பாவும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அவரைப் பார்த்து அசைத்தார்.